பத்து மணிச் சூரியன்

வருஷத்தில் ஆறு மாதம் மேகம் குடியிருந்து, மீதி ஆறு மாதம் அது எப்போது திரும்பி வரும் என்று ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் கொடிமலைப்புதூரில், வானத்தைப் படிப்பதற்கென்று மூன்று வருஷப் பட்டப்படிப்பு ஒன்றைக் கல்லூரிக்காரர்கள் தொடங்கினார்கள். தொடங்கியவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. ஆனாலும் மலையைத் தாண்டி வருகிற மேகமெல்லாம் இளைப்பாறுவதற்கென்று இறங்கும் ஊரைப் பார்த்தா அதற்குத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கேட்காத ஆள் அன்றைக்கு ஊரில் இல்லை.

நான் கல்லூரி வாசலுக்கு நேர் எதிரே இருபத்தாறு வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் அண்ணாச்சி என்றால்தான் ஊரில் என்னைத் தெரியும். செய்முறைத் தேர்வு நெருங்கினால் போன வருஷத்துப் பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டுகள் என் கடையில் அடுக்கடுக்காக இருக்கும், இந்த வருஷத்துப் பிள்ளைகள் வந்து வாங்கிப்போய் அப்படியே பார்த்து எழுதுவார்கள். இயற்பியல் துறையில் ஒரு ஊசல் இருபத்தாறு வருஷமாக ஒரு நொடி கூடாமல் குறையாமல் ஆடிக்கொண்டிருப்பதும், தாவரவியல் துறையில் ஒரு செம்பருத்தி இலையில் என்றைக்கோ ஒரு புழு கடித்த ஓட்டை இன்றுவரை வருஷா வருஷம் தவறாமல் அதே இடத்தில் விழுவதும் என் கடையின் புண்ணியத்தில்தான்.

வானியலுக்குப் பதினோரு பேர் சேர்ந்தார்கள். முதல் வருஷம் முடிவதற்குள் பத்துப் பேர், வானத்தில் வேலைவாய்ப்பு குறைவு என்று யாரோ சொல்லக் கேட்டு, கணினி அறிவியலுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியது பல்கீஸ் ஒருத்தி, பஸ் ஸ்டாண்டு பக்கம் குடை ரிப்பேர் பார்க்கும் மீரான் கனியின் மகள். அவளுக்கு வாத்தியார் உமையொருபாகம் சார். துறைத் தலைவரும் அவரே, பாடம் நடத்துகிறவரும் அவரே, கரும்பலகையை அழிக்கிறவரும் பெரும்பாலும் அவரே. ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ள முப்புடாதி அக்கா. அடுத்தடுத்த வருஷங்களில் புதிதாக யாரும் சேராததால் துறையே இந்த மூன்று பேர்தான், மூன்று பேரும் தினமும் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். எங்கள் கல்லூரியில் வேறெந்தத் துறையைப் பற்றியும் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது.

பல்கீஸ் படித்ததெல்லாம் என் மெஷின் வழியாகத்தான் போயிற்று, எனக்கு ஒன்றும் புரிந்ததில்லை. இருந்தாலும் ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சத்தைக் கண்ணாடியில் பிரித்து அங்கே என்ன எரிகிறது என்று இங்கே உட்கார்ந்து சொல்லிவிடுகிறார்களே என்று எனக்குப் பெரிய மலைப்பு. ஒருநாள் தாளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "அண்ணாச்சி, இந்தப் படத்துல இருக்குத வெளிச்சம் அங்கருந்து கிளம்பும்போது உங்க கடை இல்ல, நம்ம ஊரே இல்ல. இப்பத்தான் வந்து சேர்ந்திருக்கு." அன்றைக்கு முழுக்க வந்தவர் போனவரிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வருஷத்தில் ப்ராஜெக்ட் வந்தது. வாரத்துக்கு மூன்று நாள் காலை பத்து மணிக்கு மொட்டைமாடியில் தொலைநோக்கியைச் சூரியனுக்கு நேரே திருப்ப வேண்டும், கண்ணை மட்டும் வைத்துவிடக் கூடாது, வைத்தால் கண் போய்விடும், பின்பக்கம் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் சூரியன் சின்னத் தட்டாக அதில் வந்து விழும், அந்தத் தட்டில் எங்கெங்கே கரும்புள்ளி தெரிகிறதோ அங்கங்கே பென்சிலால் குறித்து, தேதியும் மணியும் எழுதி, சாரின் கையெழுத்தும் துறை முத்திரையும் வாங்க வேண்டும். இப்படித் தொண்ணூறு தாள். தொண்ணூறு இல்லையென்றால் பட்டம் இல்லை என்று விதிப்புத்தகத்தில் தெளிவாகப் போட்டிருந்தது.

சூரியன் தாளிலேயே தங்கிவிடுகிறது என்று நாலாவது தாளில்தான் தெரிந்தது.

முதலில் கண்டது முப்புடாதி அக்கா. மேஜை துடைத்த ஈரத்துணியை அந்தத் தாளுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு டீ குடித்து வருவதற்குள் துணி மொடமொடவென்று காய்ந்திருந்தது. தாளைத் தூக்கிப் பார்த்தால் பென்சில் வட்டத்துக்குள்ளிருந்து பத்து மணி வெயில் அடித்துக்கொண்டிருந்தது, அன்றைக்கு அடித்த அதே வெயில், கூடுதலும் இல்லை குறைவும் இல்லை. அக்கா தன் வீட்டு உளுந்தை மறுநாள் எடுத்துக்கொண்டு வந்தாள். சார் ஒரு வெப்பமானியைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, அடுத்த பாடத்தைத் தொடங்கினார்.

ஆடிச் சாரலில் எங்கள் ஊரில் எதுவும் காயாது. உப்பு ஜாடியில் தண்ணீர் கோத்துக்கொள்ளும், பள்ளிக்கூடச் சீருடை மூன்று நாள் கொடியில் கிடந்து பூசணம் வாடை அடிக்கும், கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அம்மாக்காரி துணியை இடுப்பில் சுற்றி உடம்புச் சூட்டில் காயவைப்பாள். அதனால் செய்தி பரவ வேண்டிய வேகத்தில் பரவியது. முதலில் பிள்ளை பெற்ற வீட்டுக்காரர்கள் வந்தார்கள், பிறகு அப்பளம் போடுகிறவர்கள், பிறகு மிளகாய் வற்றல் வைத்திருந்தவர்கள், கடைசியில் கொஞ்சம் கூச்சத்தோடு, இயற்பியல் துறைத் தலைவர் ஒரு பை நிறைய ஈரச் சாக்ஸோடு வந்தார். பல்கீஸ் யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. மடிக்கக் கூடாது, எண்ணெய்க் கை படக் கூடாது, பரீட்சைக்குத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

தாள்கள் கூடக் கூட ஊருக்கு ருசி கண்டுவிட்டது. புரட்டாசித் தாள் சுள்ளென்று அடிக்கும், அது மிளகாய்க்கு. மார்கழித் தாள் இதமாக இருக்கும், அது குழந்தைகளுக்கு. கட்டிலை விட்டு ஒன்பது வருஷமாக இறங்காத டெய்லர் சுடலைமுத்து வீட்டுக்கு ஒரு தாளைக் கொண்டுபோய்க் காலடியில் சாய்த்து வைத்தார்கள். அந்த மனுஷன் கால் விரல்களை வெயிலில் அசைத்து அசைத்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியை எடுத்துத் தரச் சொல்லி, வட்டத்துக்குள் இருந்த கரும்புள்ளிகளை ஒன்று ஒன்றாக எண்ணினாராம்.

அந்தப் புள்ளிகளுக்கு எங்கள் ஊரில் மச்சம் என்று பெயர். சூரியனுக்கு மச்சம் உண்டு என்று வேறெந்த ஊரில் பொம்பளைகள் பேசிக்கொள்வார்கள்? வற்றல் காயப்போட்டவர்கள் ஐந்தாறு தாளை வரிசையாகப் பரப்பி வைத்திருந்தபோது ஒருத்தி கவனித்துவிட்டாள், முதல் தாளில் ஓரத்தில் இருந்த பெரிய மச்சம் அடுத்ததில் கொஞ்சம் உள்ளே வந்திருக்கிறது, அடுத்ததில் நடுவில் நிற்கிறது, கடைசித் தாளில் மறுகரைக்குப் போய்விட்டது. "எளா, இது சுத்துதுளா!" என்று அவள் போட்ட சத்தம் என் கடைவரைக்கும் கேட்டது. எத்தனை நாளைக்கு ஒரு சுற்று என்று அவர்களுக்குள் சண்டை வந்து, தாளின் தேதிகளை வைத்து எண்ணி, ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு என்று அவர்களே முடிவுக்கு வந்தார்கள். உமையொருபாகம் சார் அதைக் கேட்டுவிட்டு, இதைச் சொல்லிக்கொடுக்கத் தனக்கு ஒரு பருவம் ஆகிறதே என்று சொல்லிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. ஒரு மத்தியானம் என் கடையில் வைத்துவிட்டுப் போன தாளை மெஷினில் போட்டு நகல் எடுத்தேன். நகலில் சூடு இல்லை. வட்டத்திலிருந்து வெளிறிய குளுமையான வெளிச்சம் வந்தது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஒரு கைக்குட்டைகூடக் காயவில்லை. பல்கீஸ் அதைக் கையில் வாங்கிப் பார்த்துச் சிரித்தாள். "நிலாவும் இதத்தான் செய்யுது அண்ணாச்சி. உங்க மெஷின் மேல தப்பில்ல."

மேகம் மூடிய நாள்களும் இருந்தன. அந்த நாள்களிலும் அவள் பத்து மணிக்கு மாடிக்குப் போவாள், காத்திருப்பாள், வெறும் வட்டத்தை வரைந்து 'மேகம். சூரியன் தெரியவில்லை' என்று எழுதி, மணி போட்டுச் சாரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்குவாள். அந்தத் தாள்களை யாரும் கேட்டதில்லை. அவை ஆய்வக பீரோவின் அடித்தட்டில் கிடந்தன. மாசியில் கெடு முடிந்து எண்ணிப் பார்த்தபோது வெயில் அடிக்கும் தாள் ஐம்பத்தெட்டு, வெறும் வட்டம் முப்பத்திரண்டு.

அந்த வாரம்தான் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. முதல் செட்டில் ஒருவரும் தேறாத பட்டப்படிப்பு அடுத்த வருஷம் நடக்காது. செட்டில் இருந்ததே ஒருத்தி, பல்கீஸ் தேறாவிட்டால் அவள் மூன்று வருஷமும் போயிற்று, அவளுக்குப் பின்னால் வர இருந்தவர்களின் வானமும் போயிற்று. உமையொருபாகம் சார் நல்லவர், வெறும் வட்டங்களைத் தேர்வாளர் கணக்கில் சேர்க்க மாட்டார் என்று பயந்துபோனார். நல்ல மனுஷன் பயந்துபோனால் செய்கிற தப்பு இருக்கிறதே, அதைத் தடுக்க ஆள் கிடையாது. தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு அவர் சொன்னார்:

"இங்க பாரும்மா. திங்கக்கிழமை புள்ளி இங்க இருக்கு. வெள்ளிக்கிழமை இங்க. நடுவுல புதன்கிழமை மேகம். அப்ப அன்னைக்குப் புள்ளி எங்க இருந்திருக்கும்? இந்தா, இங்க. பொய் இல்லம்மா, கணக்கு. வச்சிரு."

கணக்கு சரிதான், அதுதான் கஷ்டம். பல்கீஸ் அறுபத்து நாலாம் தாளில் 'மேகம்' என்று எழுதியிருந்ததை ரப்பரால் அழித்துவிட்டு, கணக்குப்படி மூன்று புள்ளிகளை வைத்தாள். வைத்த கையோடு தாளைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து என் கடைக்கு ஓடிவந்தாள். அவள் வாப்பா மீரான் கனி அப்போது என் கடை வாசலில் உட்கார்ந்து குடைக்கம்பி ஒன்றை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, தொட்டுப் பாருங்க."

தொட்டேன். சில்லென்று இருந்தது. மழைக்காலத்துக் குளிர்ச்சி என்றால்கூட ஒப்புக்கொள்ளலாம், இது அப்படி இல்லை, என் கடையில் அடுக்கியிருக்கும் பழைய ரெக்கார்டு நோட்டுகளைத் தொடுகிற குளிர்ச்சி. நடந்ததை அவள் சொல்லி முடிக்கும்வரை மீரான் கனி கம்பியைக் கீழே வைக்கவில்லை.

"நோன்பு மாசக் கடைசியில மேகம் மூடிருச்சுன்னா நாம என்னம்மா செய்யுதோம்?" என்றார். "பிறை எங்க இருக்கும்னு கணக்குத் தெரிஞ்ச ஆளுவ நம்ம ஜமாஅத்துல இல்லாமலா போயிட்டாவ? ஆனா கண்ணால பாக்கலேன்னா பாக்கலேன்னுதான சொல்லுதோம். இன்னொரு நோன்பு வச்சு முப்பதைப் பூர்த்தி பண்ணுதோம்."

"அதுக்கு இன்னொரு நாள் இருக்கு வாப்பா," என்றாள் பல்கீஸ். "எனக்கு இல்ல."

 அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போய் மீதி முப்பத்தொரு தாளில் கை வைக்கப் போவதில்லை என்று சாரிடம் சொல்லிவிட்டாள். சார் கோபப்படவில்லை. கையெழுத்தும் முத்திரையும் இருந்ததால் அறுபத்து நாலாம் தாளைக் கிழித்துப் போட வழியில்லை, மறுபடி மேகம் என்று எழுதினாலும் அது இன்றைக்கு எழுதிய மேகம்தானே. அது அப்படியே வெயில் தாள்களின் கட்டோடு இருந்தது.

சித்திரையில் பரீட்சை. கேட்காமலே ஊர் தாள்களைத் திருப்பிக் கொடுத்தது. ஒன்றில் மிளகாய் நெடி இருந்தது, ஒன்றின் ஓரத்தில் ஒரு குழந்தையின் கைத்தடம் இருந்தது, மற்றபடி ஐம்பத்தெட்டும் மடிப்பில்லாமல் வந்து சேர்ந்தன. சுடலைமுத்து மட்டும் இன்னும் ஒரு நாழிகை பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தனுப்பினார். கொடுத்துவிட்டு யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கல்லூரி வாசலில் நின்றுகொண்டார்கள்.

வெளியூரிலிருந்து தேர்வாளராக வந்தவர் ரூபாவதி என்ற அம்மாள், வயது ஐம்பதுக்கு மேல், அதிகம் பேசாதவர். மதிப்பெண் தாளை மூன்று நகல் எடுக்க என்னை ஆய்வகத்துக்கே வரச்சொல்லியிருந்ததால் நான் கதவோரம் நின்றேன். அவர் ஒவ்வொரு தாளாக எடுத்து, பார்த்து, உள்ளங்கையை வைத்து, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே போனார். கை சுட்டபோதும் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அறுபத்து நாலில் கை நின்றது.

"இது நீ பார்த்ததா?"

பல்கீஸ் சாரைப் பார்த்தாள். சார் தரையைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், வாய்விட்டுச் சொல்லக்கூட வேண்டாம், தலையை ஆட்டினால் போதும். 

"இல்ல மேடம். அன்னைக்கு மேகம். கணக்குப் போட்டு வச்சேன்."

"நான் சொல்லித்தான் வச்சா," என்று சார் எழுந்துவிட்டார். "தப்பு என்னோடது. அவளை விட்ருங்க."

ரூபாவதி அம்மாள் அந்தத் தாளை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். "இந்தக் குளிர் எனக்குப் பழக்கம் சார்," என்றார். "நான் டிகிரி படிச்சப்ப என்கிட்ட தொண்ணூறு தாளும் முழுசா இருந்தது. ஒரு நாள்கூட மேகம் இல்ல. யூனிவர்சிட்டில முதல் இடம் எனக்குத்தான். ஒரு தாள்கூடச் சுட்டதில்ல." எந்த ஊரில் எந்த ஜெராக்ஸ் கடையில் வாங்கினாரோ என்று எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"மீதியை எடுங்க."

"அதெல்லாம் வெறுந்தாள் மேடம்," என்றார் சார்.

முப்புடாதி அக்கா பீரோவின் அடித்தட்டிலிருந்து கட்டை எடுத்து வைத்தாள். அம்மாள் முதல் தாளின் வெறும் வட்டத்தில் கையை வைத்தார், சட்டென்று எடுத்தார், உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். ஈரம். கட்டைப் பிரித்துப் பரப்பியதும் சித்திரை வெக்கையில் புழுங்கிக்கொண்டிருந்த ஆய்வகத்துக்குள் ஆடிச் சாரல் வாசம் ஏறியது, கண்ணாடிக் குப்பிகளில் பனி பூத்தது, முப்புடாதி அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். முப்பத்தொரு தாளும் அன்றன்றைய பத்து மணி மேகத்தை அப்படி அப்படியே வைத்திருந்தன, எங்கள் ஊரில் ஈரத்தாளை யார் கவனிப்பார்கள், யாரும் கேட்காததால் யாருக்கும் தெரியவில்லை. அம்மாள் ஒவ்வொன்றாக எண்ணினார்.

"எண்பத்தொன்பது," என்றார். "விதியில தொண்ணூறு."

அந்த ஒன்றை அன்றைக்கு அழிக்காமல் விட்டிருந்தால் தொண்ணூறு. அது எல்லோருக்கும் புரிந்தது.

"பரீட்சை நேரம் முடிய இன்னும் முக்கால் மணி இருக்கு," என்றார் அம்மாள். "தொலைநோக்கி இருக்குல்ல? போய்ப் பார்த்துட்டு வா."

மாடிக்குப் போனால் மேற்கே மலை முழுக்கக் கறுத்துக் கோடை மழை திரண்டு வந்துகொண்டிருந்தது. பல்கீஸ் தாளைப் பிடித்தபடி நின்றாள். கீழே வாசலில் நின்ற ஊர் முழுக்க அண்ணாந்து பார்த்தது. இத்தனை பேர் ஒன்றாகச் சேர்ந்து ஒரு மேகத்தைத் திட்டி நான் கேட்டதில்லை. அரை மணி போயிற்று. பிறகு மேகம் கொஞ்சம் விலக, தாளில் தட்டு வந்து விழுந்தது, ஓரத்தில் ஒன்றும் நடுவில் மூன்று நாலுமாக மச்சங்கள் தெரிந்தன, அவள் ஓரத்துப் புள்ளியைக் குறித்துப் பென்சிலை நடுவுக்குக் கொண்டுபோவதற்குள் தட்டு மங்கி, கரைந்து, போய்விட்டது. ஐந்து எண்ணியிருக்க மாட்டோம்.

"மத்ததும் எங்க இருந்துச்சுன்னு உனக்குத் தெரியும்லா," என்றாள் முப்புடாதி அக்கா. "வச்சிரேம்ட்டி."

"வச்சிரு தாயி," என்று நானும் சொன்னேன். அவ்வளவும் பார்த்த பிறகும் சொன்னேன், இருபத்தாறு வருஷப் பழக்கம் ஒரு நாளில் போகுமா. "யாரு பாக்கா?"

"நான்தான பாக்கேன், அண்ணாச்சி."

அதைச் சொன்னபோது அவள் குரலில் கோபம் இல்லை. எங்களுக்குப் பின்னால் சார் முத்திரையோடு நின்றார். அவள் தாளை முட்டியில் வைத்து எழுதினாள்: '11.52. மேகத்தினிடையே சூரியன் சிறிது நேரம் தெரிந்தது. ஒரு புள்ளி குறித்தேன். மற்றவை குறிக்குமுன் மறைந்தது.' முதல் சொட்டு விழுந்தது. சார் அங்கேயே நின்று கையெழுத்துப் போட்டார், முத்திரை வைத்தார். இறங்கி வருகையில் வாசலில் இருந்தவர்கள், வட்டம் கிட்டத்தட்ட வெறுமையாக இருப்பதை எட்டிப் பார்த்து, எல்லாம் முடிந்துபோயிற்று என்று நினைத்தார்கள். மீரான் கனி மட்டும் மகள் முகத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து நின்றார்.

ரூபாவதி அம்மாள் தாளை வாங்கி மேஜையில் வைத்து, எழுதியிருந்ததை ஒரு தரம் படித்து, உள்ளங்கையை வட்டத்தின் மேல் வைத்தார். வைத்த கையை உடனே எடுக்கவில்லை. நடுவில் இளஞ்சூடும் சுற்றிலும் சாரலுமாக அது இருந்ததைப் பிற்பாடு நாங்கள் எல்லோரும் தொட்டுப் பார்த்தோம், ஆனால் அப்போது அவர் முகத்தில் கண்ணீர் வழிந்ததைத்தான் பார்த்தோம். அவர் அதை மறைக்கவும் இல்லை.

"தொண்ணூறு," என்றார். ஈரக் கையோடு கையெழுத்துப் போட்டால் மை பரவிவிடும் என்று சேலைத் தலைப்பில் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்தார்.